குடல் நித்திரை கொண்ட கிழமை

என் வலது காலைக் கழுதை உதைத்து உடைத்துவிட்டது என்று மன்னார்த் தீவு முழுக்க ஒரு கதை உலாவுகிறது. நான் அதை மறுப்பதில்லை. உண்மை அதைவிடக் கேவலமானது.

மைதானத்து வேப்பமரத்தில் லவுட்ஸ்பீக்கர் கட்டுவதற்காக மேசைக்கு மேல் பிளாஸ்டிக் கதிரையை வைத்து, கதிரைக்கு மேல் நான் ஏறி நின்றேன். கீழே நின்றவர்கள், "அண்ணை, கதிரை ஆடுது" என்றார்கள். கையில் மைக் இருந்தது. மைக் கையில் இருந்தால் எனக்குப் புத்தி இருக்காது. "கதிரை ஆடினால் ஆடட்டும், மேல நிக்கிறவன் ஆடாமல் நிண்டால் காணும்" என்று ஊருக்கே கேட்கும்படி ஒரு பகிடி விட்டேன். ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் நிலத்தில் கிடந்தேன். விழும்போது நான் குழறிய குழறலும் எல்லா ஒலிபெருக்கிகளிலும் வெகு தெளிவாகக் கேட்டதாம். சவுண்ட் சிஸ்டம் நல்ல தரம் என்று பிறகு பலர் என்னிடம் பாராட்டினார்கள்.

என் தொழிலை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் கால்பந்துப் போட்டிகளுக்கு நான்தான் அறிவிப்பாளர். பந்து எங்கே போகிறது, யார் உதைத்தான், உதைத்தவனுக்கு எப்போது கலியாணம், பெண் வீட்டார் எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள் என்பதெல்லாம் என் வாயால் வந்தால்தான் சனத்துக்கு மாட்ச் பார்த்த திருப்தி. நான் விழுந்தது ஒரு அரையிறுதிக்கு முன்பு. அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி, அரிப்பு ஊருக்கும் வெள்ளாங்குளம் ஊருக்கும். அந்த இறுதிப் போட்டியை நான் சொல்லாவிட்டால் என் மச்சான் சொல்வான்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. நல்ல பொடியன். ஒரு குறையும் சொல்ல ஏலாது, ஒன்றைத் தவிர. வயர் இல்லாத மைக் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தான். அதைவிட, ஒருவன் கோல் அடித்தாலும் மரண அறிவித்தல் வாசிக்கிற குரலில்தான் சொல்வான். அவனிடம் ஒரு இறுதிப் போட்டியை விட்டுவிட்டுக் கட்டிலில் கிடப்பதா? கால் நோவை விட அந்த நினைப்புத்தான் எனக்கு நொந்தது.

ஆஸ்பத்திரியில் தொடை வரைக்கும் பிளாஸ்டர் போட்டு, காலைத் தலையணைகளுக்கு மேல் தூக்கி வைத்தார்கள். "வீக்கம் வத்தும்வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கப்படாது" என்றார் டொக்டர். "எல்லாம் சரியா இருந்தால் ஞாயிறுக்கு முன்னம் டிக்கட் வெட்டலாம்." டிக்கட் வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. அவர் சொன்னதில் 'எல்லாம் சரியா இருந்தால்' என்ற துண்டு மட்டும் என் மண்டைக்குள் ஆணி அடித்ததுபோல் இறங்கியது. அன்று முதல் எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. யார் என்ன கேட்டாலும் சரி.

காலையில் வார்டு நேர்ஸ் வருவார். வெள்ளாங்குளத்துப் பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், நடப்பது ஓடுவதுபோல் இருக்கும், சிரித்தால் மூக்கால் காற்று வரும். கட்டில் கட்டிலாக ஒரே கேள்விகள்.

"நித்திரை கொண்டனீங்களோ, அண்ணை?"

"ஓம், மிஸ்."

"நோவு எப்படி?"

"நோவு நல்லா இருக்கு, நான்தான் பரவாயில்லை."

"வெளிக்குப் போனீங்களோ?"

"ஓம்."

எங்கள் பக்கத்தில் "சாப்பிட்டனீங்களோ" என்று கேட்டால் பட்டினி கிடப்பவனும் "ஓம்" என்றுதான் சொல்வான். அது பொய் இல்லை, மரியாதை. கேட்டவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. அதே மரியாதையைத்தான் இந்தக் கேள்விக்கும் காட்டினேன்.

உண்மையில் நான் போகவில்லை. எப்படிப் போவது? கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பெட்பேன் என்று ஒரு தட்டையான சட்டியைக் கீழே வைப்பார்கள். சுற்றிவர ஒரு பச்சைத் திரையை இழுத்துவிடுவார்கள். திரை மறைப்பது காட்சியை மட்டும்தான். ஒலிக்கு அங்கே ஒரு தடையும் இல்லை. அந்த வார்டில் கிடந்த ஆண்களில் முக்கால்வாசிப்பேர் என் குரலை மைதானத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். நான் வாழ்நாள் முழுக்க அவர்களுக்கு நேர்முக வர்ணனை செய்தவன். இப்போது அவர்கள் எனக்குச் செய்ய ஒரு சந்தர்ப்பம் கொடுப்பேனா? வீட்டுக்குப் போய்த்தான் மற்றது என்று வைராக்கியம் கொண்டேன்.

வைராக்கியத்துக்கு ஒரு துணை நடவடிக்கையும் எடுத்தேன். தண்ணீர் குடித்தால் சிறுநீருக்குப் போத்தல் கேட்க வேண்டும். போத்தலுக்கும் அதே பச்சைத் திரைதான். ஆகவே தண்ணீரையும் குறைத்தேன். மனைவி கொண்டுவந்து வைத்த தண்ணீர்ப் போத்தல் மேசையில் பூச்சாடிபோல் அழகாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கொண்டச்சியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா. சீனி வருத்தத்தால் காலில் புண். கருவாடு வாங்கி விற்ற மனுசன், வயது அறுபது தாண்டியிருக்கும், வாயில் பல் நாலைந்துதான் மிச்சம், சொல் மட்டும் கூர். என்னை அவர் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க ஒரு நாளும் திரை இழுக்கச் சொல்லயில்லையே."

"நான் பகலில போறதில்லை, நானா."

"ராவையிலயும் நான் முழிச்சுத்தான் கிடக்கிறன்."

நான் கண்ணை மூடி நித்திரை போல் நடித்தேன்.

அன்றைக்கோ மறுநாளோ, நேர்ஸ் வார்டுக்கு நடுவில் நின்று எங்கள் எல்லாருக்கும் ஒரு பிரசங்கம் செய்தார். கட்டிலில் கிடக்கிற ஆட்களுக்கு மலச்சிக்கல் வரும் என்பதுதான் விஷயம். ஆடாமல் அசையாமல் கிடந்தால் குடலும் கிடந்துவிடும். நோவுக்குக் கொடுக்கிற குளிசைகளில் சிலது நோவை மட்டும் இல்லை, குடலையும் சேர்த்து நித்திரையாக்கும். "அதால மரக்கறி, பழம், நார்ச்சத்து உள்ள சாப்பாடு சாப்பிடுங்கோ. தண்ணி வடிவாக் குடியுங்கோ. கட்டில்ல கிடந்துகொண்டே ஏலுமான கையைக் காலை ஆட்டுங்கோ. காலமைத் தேத்தண்ணி குடிச்ச கையோட போகப் பாருங்கோ, அந்த நேரம்தான் குடல் எழும்பும். வந்தால் பிடிச்சு வைக்கப்படாது. ஒருத்தரும் தாங்களா வயித்தைக் கழுவ மருந்து வாங்கிக் குடிக்கப்படாது. ஒவ்வொரு மருந்து ஒவ்வொரு வேலை. எது ஆருக்கு எண்டு நாங்கள் பாத்துத் தருவம்."

நல்ல பேச்சு. எனக்கு அதில் ஒரே ஒரு சொல் மட்டும் கேட்டது. நார்.

வடக்கில் பிறந்த ஒருவனிடம் நார் சாப்பிடு என்று சொன்னால் அவன் மனதில் முதலில் எது வரும்? அன்று பின்னேரம் மனைவி வந்ததும், "இஞ்சேரப்பா, வீட்டில புழுக்கொடியல் கிடக்குதோ?" என்று கேட்டேன். பனங்கிழங்கை அவித்து வெயிலில் காயவைத்தால் விறகுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு பொருள் வரும். அதுதான் புழுக்கொடியல். கடித்தால் பல்லுக்கும் அதற்கும் ஒரு வழக்கு நடக்கும். மென்று முடித்தால் வாயில் மிஞ்சுவது நாரேதான். இதைவிட நார்ச்சத்து இந்த உலகத்தில் இருக்காது என்பது என் விஞ்ஞானம்.

"உடைஞ்ச காலுக்குப் புழுக்கொடியலோ?" என்றாள்.

"மிஸ் சொன்னவ."

அவள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். கூடத் தேங்காய்ச் சொட்டும். நான் கருக்கல் முதல் மைம்மல் வரை நறுக்கு நறுக்கென்று கடித்துக்கொண்டே கிடந்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நானாவுக்கு ஒன்றை நீட்டினேன். அவர் தன் மிச்சப் பற்களை நாக்கால் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதுகள் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேணும்" என்று தள்ளிவிட்டார்.

"நார்ச்சத்து, நானா. குடலைக் கூட்டித் துடைக்கும்."

"தண்ணி குடிக்காம விளக்குமாத்தை மட்டும் விழுங்கினா அது கூட்டாது தம்பி, உள்ளுக்க நிக்கும்."

வழக்கம்போல் நான் சிரித்தேன். எனக்குப் பகிடி விட்டுப் பழக்கம், கேட்டுப் பழக்கம் இல்லை.

இரண்டு நாளில் என் வயிறு மத்தளமாகிவிட்டது. தட்டிப் பார்த்தேன், சுருதி சுத்தமாக இருந்தது. சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளம் வந்தது. பெருமூச்சு விட இடமில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. நான் பயந்தால் சாதாரணமாகப் பயப்பட மாட்டேன், விரிவாகப் பயப்படுவேன். வயிறு வெடிக்கும் என்று நினைத்தேன். வெடித்தால் சத்தம் வார்டுக்குக் கேட்கும் என்று நினைத்தேன். மரணச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவார்கள், அதை மச்சான் மைக்கில் எப்படி வாசிப்பான் என்று நினைத்தேன். அவன் அதை நல்லாய் வாசிப்பான். அவனுடைய குரல் அதற்கென்றே செய்தது. கூடவே, இறுதிப் போட்டியையும் அவனே வாசிப்பான்.

"நானா, ஒரு மனுசன் போகாமல் எவ்வளவு நாள் இருக்கலாம்?" என்று மெல்லக் கேட்டேன்.

"எங்க?"

"எங்கயும்."

அவர் தன் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அவருக்குப் பொழுது போயிற்று. "எங்கட ஊரில ஒரு ஆள் இருந்தாரு," என்று தொடங்கி, சொல்லி முடிக்கையில் அந்த ஆள் மௌத்தாகிவிட்டார். காரணம் வேறு என்று கடைசியில் சொன்னார். இடையில் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. "சபுர் செய்யுங்க, கொஞ்சம் பொறுங்க," என்றார். "இல்லாட்டி வாயைத் திறந்து அந்தப் புள்ளைக்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க."

சொன்னால் என்ன நடக்கும்? 'எல்லாம் சரியா இருந்தால்' என்ற துண்டு கிழிந்துவிடும். ஞாயிறு போய்விடும். ஆகவே மறுநாள் காலையும் "ஓம்" என்றேன். குரல் மட்டும் கொஞ்சம் ஒடுங்கி வந்தது.

அன்று மத்தியானம் அதிசயம் நடந்தது. நான் ஒன்றும் செய்யாமலே இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்தது. தண்ணீர் மாதிரி, கொஞ்சம். சற்று நேரத்தில் இன்னும் கொஞ்சம். முதலில் எனக்கு வந்தது ஆனந்தம். புழுக்கொடியல் வென்றது, அடைப்பு உடைந்தது, நான் பிழைத்தேன். அடுத்த நிமிடமே பயம் வந்தது. இது வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் வயிற்றோட்டம் வந்த ஆளை வீட்டுக்கு விடுவார்களா? தனியறையில் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். மலச்சிக்கலால் தப்பியவன் வயிற்றோட்டத்தால் அகப்படப் போகிறேன்.

மச்சானுக்குப் போன் எடுத்தேன். பகைவனிடம் உதவி கேட்கிற நிலைமை. வயிற்றோட்டத்தை நிறுத்துகிற குளிசை வாங்கி வரச் சொன்னேன், அக்காவுக்குச் சொல்லாதே என்றும் சொன்னேன். பாவம், உடனேயே பார்மசியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"அத்தான், என்ன மாதிரி? ஞாயிறுக்கு வருவீங்கள்தானே?" என்று அந்த மரண அறிவித்தல் குரலில் கேட்டான்.

"ஏன், வராட்டில் நீ சொல்லப் போறியோ?"

"இல்லை அத்தான், எனக்கு நெஞ்சிடிக்குது. நீங்கள் வாங்கோ."

நான் அதை நம்பவில்லை. குளிசையை உடைத்து உள்ளங்கையில் வைத்தேன். அப்போதுதான் என் விதி வேறு விதமாகத் திரும்பியது. தண்ணீர்ப் போத்தல் மேசையின் அந்தப் பக்கத்தில், கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து நேர்ஸ் கட்டிலைக் கடந்து போனார்.

"மிஸ், அந்தத் தண்ணியை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

அவர் போத்தலை எடுத்தார். எடுத்தவர் தரவில்லை. போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணை, நீங்கள் வந்த நாள் தொடக்கம் என்னட்டத் தண்ணி கேட்டதில்லை. இந்தப் போத்தல் கழுத்துவரைக்கும் அப்படியே கிடக்கு. இப்ப ஏன் தண்ணி?"

"குளிசை போட."

"நான் இப்ப ஒரு குளிசையும் தரேல்லையே. கையை விரியுங்கோ."

விரித்தேன். மச்சான் மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்தான்.

"உது ஏன் உங்களுக்கு?"

"வயித்தோட்டம், மிஸ். நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது."

"நேற்று வெளிக்குப் போனீங்களோ?"

"ஓம்."

"முந்தநாள்?"

"ஓம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்து நானா இருமினார். சாதாரண இருமல் இல்லை, சாட்சி சொல்கிற இருமல். நேர்ஸ் பச்சைத் திரையை இழுத்துவிட்டு என் வயிற்றில் கையை வைத்தார். இடது பக்கம் கீழே அழுத்தியபோது அவருடைய முகம் மாறியது.

"அண்ணை, இதுக்குள்ள என்ன வச்சிருக்கிறீங்கள்?"

"புழுக்கொடியல்."

அவர் மூக்கால் ஒரு காற்று விட்டார். சிரிப்பு என்று நினைத்து நானும் சிரிக்கத் தொடங்கினேன். அது சிரிப்பு இல்லை.

"வந்தது முதல் ஒருநாளாவது போனீங்களோ? பகிடி விடாமல் சொல்லுங்கோ."

"இல்லை, மிஸ்," என்றேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன, எல்லாரும் காதை இந்தப் பக்கம் திருப்புகிறார்கள்.

"கட்டுக்கரைக் குளம் நிரம்பி அணைக்கட்டால தண்ணி கசிஞ்சால், குளம் வத்திப்போச்சு எண்டு சொல்லுவீங்களோ? உங்களுக்கு வந்தது வயித்தோட்டம் இல்லை. உள்ள கல்லா இறுகிக் கிடக்கு, அதைச் சுத்திக்கொண்டு தண்ணி மட்டும் வழியுது. இதுக்கு மேல அந்தக் குளிசையையும் போட்டிருந்தால் இருந்த வழியையும் கல்லு வச்சுக் கட்டியிருப்பீங்கள்." குளிசையை வாங்கித் தன் பைக்குள் போட்டார். பிறகு கொஞ்சம் தணிந்து, "என்னிலயும் பிழை. உங்கட பகிடியைக் கேட்டுச் சிரிச்சுக்கொண்டு போனன், வயித்தைத் தொட்டுப் பாக்கேல்ல" என்றார்.

டொக்டர் வந்தார். வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார், எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். குடல் முறுகவில்லை, அடைப்பு மட்டும்தான், அதுவும் வாசலடியில்தான் என்றார். வாசலைச் சோதித்துப் பார்த்த விதத்தை நான் எழுதப் போவதில்லை. கையுறை போடுகிற சத்தம் கேட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"மேலால பேதிக்குக் குடிக்கத் தந்தால் என்ன, டொக்டர்? கெதியா முடியுமே," என்று என் அறிவை வெளியிட்டேன்.

"வாசலைப் பூட்டிப்போட்டுப் பின்னால இருந்து சனத்தைத் தள்ளினால் என்ன நடக்கும்? நெரிசல்தான். முதல்ல வாசலைத் திறப்பம்," என்றார்.

பின்பக்கத்தால் வைக்கிற குளிசை, பிறகு எனிமா. நேர்ஸ் இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தார், உடைந்த காலுக்குத் தலையணை அணைத்தார், ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் என்ன செய்யப் போகிறார் என்று சொன்னார். நான் பயத்தில் பகிடி விடத் தொடங்கினேன். பயந்தால் எனக்கு வாய் நிற்காது. அவர் ஒன்றுக்கும் சிரிக்காமல், "கதைக்கிற மூச்சை உள்ள இழுத்து மெல்ல விடுங்கோ" என்றார். பிறகு, "ஏலுமான அளவு பொறுங்கோ, பேந்து கதிரையில ஏத்திக் கொண்டு போறன்" என்றார்.

"எங்க?"

"கக்கூசுக்கு. சில்லுப் பூட்டின கதிரை இருக்குதுதானே, நடுவில ஓட்டையோட. தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி விடலாம்."

"கட்டிலை விட்டு இறங்கப்படாது எண்டு டொக்டர்..."

"நீங்களா இறங்கப்படாது. நாங்கள் தூக்கி வைக்கலாம். போகேல்ல எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே கேட்டு ஏத்தியிருப்பன்."

கதிரை இருந்தது. கதவு உள்ள கக்கூசும் இருந்தது. நான் இத்தனை நாளும் ஒரு பச்சைத் திரையோடு போர் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

சில்லுக் கதிரையில் என்னை வார்டுக்கு நடுவால் தள்ளிக்கொண்டு போனபோது இரண்டு பக்கமும் ஆட்கள் எழும்பி இருந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். "தம்பி, துஆச் செய்றன், போய் வாங்க," என்றார் நானா, ஹஜ்ஜுக்கு வழியனுப்புகிறவர்போல். கதவைச் சாத்தும்முன் நேர்ஸ் நல்ல காலின் கீழ் ஒரு சின்னப் பலகையை வைத்தார், "முழங்கால் இடுப்பை விட உயர இருக்கட்டும், முன்னுக்குச் சரியுங்கோ, முக்காதேங்கோ" என்றார்.

உள்ளே நடந்ததை என்னால் வர்ணிக்க முடியும். வர்ணிப்பது என் தொழில். ஆனால் இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் வர்ணனை இல்லாமலே விடுகிறேன். ஒன்று சொல்லலாம்: வெளியே வந்தபோது உலகம் அகலமாக இருந்தது. ஜன்னலால் கடற்காற்று வந்தது. அது இவ்வளவு நாளும் வந்ததுதான், எனக்குத்தான் மூச்சை இழுக்க இடம் இருக்கவில்லை. எனக்குத் தேத்தண்ணி வேண்டும், பாண் வேண்டும், பாட்டுப் பாட வேண்டும். நானாவைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. "முதல்ல கையைக் கழுவினீங்களா?" என்று கேட்டார் அவர்.

மிச்சம் இருந்த புழுக்கொடியல் பையை நேர்ஸ் பறிமுதல் செய்து மனைவியிடம் கொடுத்தார். "இது நல்ல சாப்பாடுதான். ஆனால் நார் எண்டது தண்ணியோட போனால்தான் நார். தண்ணியில்லாமல் போனால் கயிறு. இவர் உள்ளுக்க வடம் திரிச்சு வச்சிருந்தவர்." மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கலியாணம் கட்டிய நாள் முதலான கணக்கு எல்லாம் இருந்தது.

பிறகு வந்த நாட்களில் காலமைத் தேத்தண்ணி முடிந்த கையோடு சில்லுக் கதிரை வந்தது, நானும் அரசனைப்போல் போய்வந்தேன். சனிக்கிழமை டொக்டர் டிக்கட் வெட்டினார். நேர்ஸ் ஒரு போத்தல் பாணி மருந்து தந்தார், தேன்போல் தடிப்பு, சீனிபோல் இனிப்பு. "இது குடலை அடிச்சு எழுப்பிற மருந்து இல்லை. தண்ணியை இழுத்து மலத்தை இளக வைக்கும், அவ்வளவுதான். நோவுக் குளிசை போடுற வரைக்கும் இதையும் எடுங்கோ. வயிறு இளகிப் போனால் குறைக்க வேணும், வந்து கேளுங்கோ. தண்ணி குடியுங்கோ. வந்தால் உடனே போங்கோ, பிடிச்சு வச்சால் அது திரும்பவும் காய்ஞ்சுபோகும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கட ஊர்ப் பொடியங்கள் கோல் அடிச்சால் பேரைச் சரியாச் சொல்லுங்கோ. போன முறை கோல் அடிச்ச என்ர சித்தப்பான்ர மகனை நீங்கள் அரிப்புக்காரன் எண்டு சொல்லிப்போட்டீங்கள்" என்றார்.

ஞாயிறு பின்னேரம் என்னை ஓட்டோவில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கதிரையில் நான், மற்றக் கதிரையில் என் கால். சனம் சாரைசாரையாக வந்து பிளாஸ்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கழுதை சுகமா என்று விசாரித்துவிட்டுப் போனது. மச்சான் பக்கத்தில் நின்றான், வயர் இல்லாத மைக்கோடு, ஒரு அவசரத்துக்கு என்று. அவனைப் பார்த்து நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன்.

ஆட்டம் தீயாக நடந்தது. அப்படி ஒரு நாள் என் வாய்க்கு வாய்த்ததில்லை. ஒரு கிழமையாக அடைபட்டுக் கிடந்த பகிடிகள் எல்லாம் வரிசை கட்டி வந்தன. அரிப்பு ஒன்று அடித்தது, வெள்ளாங்குளம் ஒன்று அடித்தது, அடித்தவனின் பெயரைச் சரியாகத்தான் சொன்னேன். இடையிடையே தண்ணீர் குடித்தேன், மனைவி பின்னால் இருந்து போத்தலை நீட்டிக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்தும் சமநிலை. பெனால்ட்டி என்றார்கள். சனம் எல்லைக் கோட்டுக்குள் வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துக் கடைசி உதைக்கு வந்து நின்றது. வெள்ளாங்குளத்துப் பொடியன் பந்தை வைக்கிறான். போட்டால் கோப்பை அவர்களுக்கு, பிடித்தால் ஆட்டம் இன்னும் நீளும். நான் மூச்சை இழுத்தேன், இப்படியொரு வசனத்துக்காகத்தான் மனுசன் மைக் பிடிக்கிறான். அந்த நேரம் பார்த்து என் குடல் நித்திரையால் எழும்பியது.

சாதாரண எழும்பல் இல்லை. ஒரு கிழமை நித்திரை கொண்டவன் எழும்புகிற எழும்பல். எனக்கு முதலில் வந்தது பழைய புத்தி. ஒரு உதைதானே, அரை நிமிடம்தானே, பிடித்துக்கொள். அடுத்தது பயம் வந்தது. பிடித்தால் காயும், காய்ந்தால் கல், கல் என்றால் கையுறைச் சத்தம். அதற்கு அடுத்தது இன்னும் பெரிய பயம். ஒரு காலில் பிளாஸ்டர் போட்டவன் ஓட முடியாது. பிடிக்க முடியாமல் போனால் இந்த முறை பச்சைத் திரைகூட இல்லை, இரண்டு ஊர்ச் சனம் முன்னால் இருக்கிறது, மைக்கும் திறந்திருக்கிறது.

மைக்கை மூடினேன். "இஞ்சேரப்பா, எழுப்பி விடு," என்றேன்.

மனைவி ஊன்றுகோலைக் கையில் திணித்தாள். மச்சான் வெளிறிப்போய் நின்றான். "அத்தான், இப்பவோ? இந்த உதையிலயோ? நான் என்ன சொல்லுறது?"

"காணுறதைச் சொல்லு."

"எனக்கு உங்களை மாதிரி வராது, அத்தான்."

"எனக்கு இப்ப வருது. அதுதான் பிரச்சினை. சொல்லு."

பள்ளிக்கூடத்துக் கக்கூசு மைதானத்துக்குப் பின்னால்தான். ஊன்றுகோலும் மனைவியுமாக நான் போன வேகத்துக்கு அன்று எந்தப் பின்களக்காரனும் என்னைத் தடுத்திருக்க மாட்டான். பிளாஸ்டர் காலை உள்ளே மடக்க முடியாது. ஆகவே கதவு முழுதாகச் சாத்தவில்லை, காலின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மனைவி தன் சீலைத் தலைப்பை விரித்து அந்த இடைவெளிக்கு முன்னால் நின்றாள்.

தகரக் கூரைக்கு மேலால் மச்சானின் குரல் வந்தது. முதலில் வழக்கம்போல், ஆழ்ந்த அனுதாபங்களோடு. "பந்து வைக்கப்பட்டுள்ளது. வீரர் பின்னால் செல்கிறார்." பிறகு குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு அது எங்கேயோ ஏறத் தொடங்கியது, நான் ஒரு நாளும் கேட்டிராத உயரத்துக்கு, வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, பொடியன் பெயரும் ஊர்ப் பெயரும் ஆண்டவர் பெயரும் கலந்து. அதற்கு மேல் சனத்தின் சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தினால் வென்றது யார், தோற்றது யார் என்று காதால் பிரிக்க ஏலாது.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி வெளியில் இருந்து. "ஆர் வெண்டது எண்டு கேட்டுக்கொண்டு வரட்டோ?"

நான் முன்னுக்குச் சரிந்து, மூச்சை உள்ளே இழுத்து, மெல்ல விட்டேன்.

"வேண்டாம், அங்கயே நில்லு. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."